ஓதமும் ஓசி யோசனையும்

உங்கள் வீட்டு ஹால் சுவரில் ஓர் ஈரத் திட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி நீங்கள் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் போட வருபவர், கேபிள்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சொந்தம் என்று வாசல்படி தாண்டிய எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள். ஒருவர் ஒரு பெயின்ட் பெயரைச் சொல்வார். இன்னொருவர், ‘‘பேசாம டைல்ஸ் ஒட்டிருங்க சார், தெரியவே தெரியாது’’ என்பார். மூன்றாமவர் திசைகாட்டி இல்லாமலே வாஸ்துவில் இறங்கிவிடுவார். காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லக்கூட ஜனங்கள் இப்போது கொஞ்சம் தயங்குகிறார்கள். சுவர் விஷயத்தில் அந்தத் தயக்கமே கிடையாது.

சினிமாவுக்கு விமரிசனம் இருக்கிறது. புத்தகத்துக்கு இருக்கிறது. முட்டுச்சந்தில் இருக்கும் பிரியாணிக் கடைக்குக்கூட நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஆனால், நம் சேமிப்பில் கணிசமாகக் கரைக்கிற இந்த ரிப்பேர் யோசனைகளை யாரும் விமரிசனம் செய்வதில்லை. இந்த வாரம் அதைச் செய்து பார்ப்போமே!

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். கரண்டி பிடித்து ஒரு செங்கல் வைத்தது கிடையாது. ஆனால், யோசனையை எடை போடக் கொத்து வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்பவர் என்ன கேட்டார், எதைப் பார்த்தார், அவர் சொன்னபடி நாம் செய்தால் அவர் கணக்கில் என்ன வரவு ஆகும் - இவ்வளவு பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

*

முதலில் ஈரம். தமிழில் இதற்கு ‘ஓதம்’ என்று அழகான சொல் இருக்கிறது. சுவருக்குள் தண்ணீர் வர மூன்று வழிகள்தான். கீழேயிருந்து வரலாம், பக்கத்திலிருந்து வரலாம், மேலேயிருந்து வரலாம்.

கீழேயிருந்து வருவது, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல் மெல்ல மேலே இழுக்கிறது. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பூச்சு போடாமல் விட்ட வீடுகளில் இது சகஜம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒரு கோடு போட்ட மாதிரி கறை நிற்கும். வெள்ளையாக உப்பு பூக்கும். பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் பாத்ரூம் பைப் அல்லது வெளிச்சுவர் விரிசல். மேலேயிருந்து வருவது மொட்டை மாடி. மழைக்காலத்தில் சீலிங்கில் உலக வரைபடம் வரையும். வெயில் வந்தால் கண்டங்கள் காய்ந்துவிடும்.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அப்படியானால் யோசனை சொல்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்ன? ‘‘இது எப்போ வருது?’’ என்பதுதான். மழையில் மட்டும் வந்தால் மாடியையும் வெளிச்சுவரையும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் அப்படியே இருந்தால் குழாய்மீது சந்தேகம். நான் கேட்டவரையில், ஈரத்துக்கு வைத்தியம் சொல்பவர்களில் பத்துக்கு ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை. நேராக டின் பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

குரோம்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு ஆசிரியை இருக்கிறார். பெட்ரூம் சுவரில் ஈரம். மூன்று வருடத்தில் மூன்று முறை பெயின்ட் அடித்தார். ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட விலை உயர்ந்த பெயின்ட். ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. மூன்று முறைக்கும் சேர்த்து நாலு மாசப் பென்ஷன் போயிருக்கிறது. கடைசியில் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வந்த ஒரு பிளம்பர் பையன் போகிற போக்கில் கேட்டான்: ‘‘ஏம்மா, இது கோடையிலயும் இருக்கா? அந்தப் பக்கம் பாத்ரூமா?’’ அவ்வளவுதான். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, காலையில் போய்ப் பார்த்தார்கள். மட்டம் இறங்கியிருந்தது. சுவருக்குள் ஒரு ஜாயின்ட் கசிந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று முறையும் யோசனை சொன்னது கடைக்காரர். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கடையில் பெயின்ட் இருக்கிறது, ஆகவே பெயின்ட் சொல்கிறார். துணிக்கடையில் போய் ‘வயித்து வலி’ என்றால் வேட்டிதான் எடுத்துக் காட்டுவார்கள். ஈரச் சுவரின் முகத்தில் தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வர முடியாமல் பெயின்டையே தள்ளிக்கொண்டு வரும் என்பது டின் விற்பவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. டின்னின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘உலர்ந்த பரப்பில் பூசவும்’ என்று போட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் மழையில் நனைந்தபடி சிரிக்கும் குடும்பத்தின் படம் இருப்பதால் நாம் பின்பக்கம் திருப்புவதில்லை.

*

அடுத்து மேஸ்திரி. இவர் வகை வேறு. வீட்டு ரிப்பேரில் நாம் சந்திக்கும் எல்லோரையும்விட விஷயம் தெரிந்தவர் இவர்தான். சுவரைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே பூச்சு விட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால், அவரிடம் நாம் யோசனை கேட்பதில்லை. ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான் கேட்கிறோம். அவருக்கும் யோசனைக்குக் கூலி இல்லை, வேலைக்குத்தான் கூலி. அதனால் அவர் யோசனை எப்போதும் வேலையாகவே முடியும்.

மொட்டை மாடி ஒழுகல் இதற்கு நல்ல உதாரணம். ‘‘மேல ஒரு இஞ்ச் கலவை போட்டு இழுத்து விட்டுரலாம் சார்’’ என்பார். ஐந்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து அதன்மேல் இன்னொரு இஞ்ச். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் இஞ்ச் சிமென்ட் கலவை எத்தனை கனம் தெரியுமா? பி.காம். கணக்கே போதும். ஒரு கன மீட்டர் கலவை சுமார் 2,000 கிலோ. ஆயிரம் சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஓர் இஞ்ச் என்பது இரண்டரை சென்டிமீட்டர். பெருக்கினால் நாலரை டன்னுக்கு மேல் வருகிறது. வளர்ந்த யானை ஒன்றை மாடியில் ஏற்றி, இறக்காமல் அங்கேயே நிறுத்தி வைத்த மாதிரி. இரண்டாவது இஞ்ச் போட்டால் இரண்டாவது யானை. ஒழுகலுக்குக் காரணம் பல வீடுகளில் இத்தனை பெரிசாகக்கூட இருக்காது. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்து, தண்ணீர் இரண்டு நாள் தேங்கி நிற்கும். அல்லது, பழைய தட்டோடுகளின் இடுக்குகள் திறந்திருக்கும்.

இன்னொன்று தண்ணீர் விடுவது. ‘‘மூணு நாள் தண்ணி காட்டினாப் போதும் சார்’’ என்று எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள். வீட்டு வேலைக்கு நாம் வாங்குகிற மூட்டை பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். மூட்டையிலேயே பி.பி.சி. என்று எழுதியிருக்கும். மூன்று நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போக வேண்டிய தேதியிலிருந்து வந்திருக்கும்.

*

இப்போது நம்ம பக்கம். நம்ம பக்கம் என்றால் பத்திரிகைகள். ‘வீட்டைப் பராமரிக்க 50 டிப்ஸ்’ என்று இலவச இணைப்பு போடாத பத்திரிகை உண்டா? அந்த டிப்ஸ்களைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இறுகிய ஜன்னல் ஓரத்தில் மெழுகுவத்தி தேயுங்கள் என்றால் சரிதான், வழுக்கும். ஆனால், ஜன்னல் ஏன் இறுகியது என்று டிப்ஸ் கேட்பதில்லை. மழைக்கு மரம் ஊறியிருந்தால் மெழுகு போதும். மேலே இருக்கும் லின்டல் கீழிறங்கி சட்டத்தை அழுத்துகிறது என்றால் மெழுகு தேய்ப்பது குற்றம். அதே ஜன்னல், அதே இறுக்கம், இரண்டு வேறு காரணம். டிப்ஸ் என்ற வடிவத்தின் கோளாறு இது. மூன்று வரிக்குள் ‘எப்படி’ மட்டும்தான் அடங்கும். ‘ஏன்’ அடங்காது. ‘எப்போது இதைச் செய்யக் கூடாது’ என்பது அறவே அடங்காது.

விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சில் தலைமுடி மாதிரி ஓடும் விரிசலுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் விஷயம் முடிந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், ஒரு ரூபாய்க் காசு நுழைகிற விரிசல், செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிக்கட்டு மாதிரி போகும் விரிசல் - இவை வேறு ஜாதி. இதற்கு நான் படித்த யோசனைகளிலேயே உருப்படியானது, செலவே இல்லாதது. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இன்ஜினீயர்கள் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சில மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றால் வீடு உட்கார வேண்டிய மட்டும் உட்கார்ந்துவிட்டது, அடைத்துக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டி விரிசல் போயிருந்தால் பட்டிக்காரரைக் கூப்பிடாதீர்கள், கட்டட இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். களிமண் பூமியில் கட்டிய வீடுகள் மழைக்கு ஒரு மாதிரியும் வெயிலுக்கு ஒரு மாதிரியும் இருக்கும். அது ஒரு வருடம் பார்த்தால்தான் தெரியும்.

பொறுமையாகப் பார்க்கச் சொல்கிற இந்த யோசனையை யாரும் இணைப்பிதழில் போடுவதில்லை. போட்டால் பக்கத்தில் விளம்பரம் வராது!

*

திட்டிக்கொண்டே போனால் எப்படி, நல்ல யோசனைக்கு ஓர் உதாரணம் காட்டு என்பீர்கள். காட்டுகிறேன். லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கேரளாவில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டி, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானவர். கட்டடச் செலவைக் குறைப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அச்செழுத்து கிடையாது. எல்லாம் அவர் கையெழுத்து, அவர் கைப்படம். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணை வெளியே ஏன் கொட்டுகிறாய், உள்பக்கமே கொட்டினால் பிறகு தரை நிரப்ப ஆகுமே என்கிற மாதிரி விஷயங்கள். படித்தால் ‘அட, இது நமக்கே தோன்றியிருக்கணுமே’ என்று இருக்கும். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ‘ராட் ட்ராப்’ முறையை அவர் பரப்பினார். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம்.

புத்தகத்தின் பலம், ஒவ்வொரு யோசனைக்கும் காரணம் சொல்வது. காரணம் தெரிந்தால், நம் வீட்டுக்கு அது பொருந்துமா என்று நாமே தீர்மானிக்கலாம். பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம். அப்படிப் பார்த்தால் பேக்கரிலும் நமக்குப் பொருந்தாதவை உண்டு. பூசாத சுவர் அழகுதான், ஆனால் சுமாராகச் சுட்ட செங்கல்லில் அப்படி விட்டால் அடைமழையைக் குடித்துவிடும். ராட் ட்ராப் கட்டத் தெரிந்த கொத்தனார் சென்னையில் சுலபமாகக் கிடைக்க மாட்டார். தவிர, அது கட்டுவதற்கான புத்தகம், கட்டிவிட்டு முழிப்பவர்களுக்கான புத்தகம் அல்ல. இருந்தாலும், யோசனை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் நான் கைகாட்டுவது அதைத்தான்.

*

வீட்டுக்குள் இவ்வளவு என்றால், வெளியே தோட்டத்து வேலி பெரிய கதை. ரிட்டயர் ஆகி, ஊர்ப்பக்கம் பத்து சென்ட் வாங்கி, நாலு தென்னை வைக்கலாம் என்று கனவு காண்பவர்கள் இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களுக்கு முதல் யோசனை கம்பி பற்றித்தான் வரும். முள்கம்பியா, வலைக்கம்பியா? கல்தூணா, இரும்பு ஆங்கிளா?

எல்லாம் இரண்டாம்பட்சம். வேலித் தகராறு முக்கால்வாசி கம்பியில் வருவதில்லை, கம்பி போகிற கோட்டில் வருகிறது. ‘‘பழைய வரப்பு இருக்குல்ல, அதை ஒட்டிப் போட்டுருங்க’’ என்பார் உள்ளூர் பெரியவர். அவர் நல்லவர்தான். ஆனால், அந்த வரப்பு பத்து வருடத்தில் எந்தப் பக்கமாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது அந்த நிலத்தில் உழுதவர்களுக்குத்தான் வெளிச்சம். நம் மாநிலத்தில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது - 1923-ம் வருடத்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்.எம்.பி. என்று அளவு வரைபடம் உண்டு. அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். தாலுகா ஆபீஸில் பணம் கட்டினால் சர்வேயர் வந்து அளந்து காட்டுவார். பக்கத்து நிலத்துக்காரரையும் அழைத்து, அவர் எதிரிலேயே அளந்து கல் போடுங்கள். அரை அடிக்காகக் கோர்ட்டுக்குப் போய், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமலே செத்துப் போன குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கும் யாரோ ஒரு காலத்தில், ‘‘சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டுக்கங்க, அப்புறம் பாத்துக்கலாம்’’ என்று யோசனை சொல்லியிருப்பார்கள்.

கோடு சரியான பிறகு தூண். ‘‘வேலி தொங்குது, கம்பியை இழுத்துக் கட்டு’’ என்பது வழக்கமான வைத்தியம். இழுத்துக் கட்டினால் இன்னும் வேகமாகத் தொங்கும். ஏனென்றால், சாய்ந்திருப்பது மூலைத் தூண். எல்லாக் கம்பியின் இழுப்பையும் அது ஒன்றே தாங்குகிறது. அதற்குச் சாய்வாக முட்டுக்கால் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். ஏழடித் தூணை ஒன்றேகால் அடி மட்டும் புதைத்துவிட்டு, மிச்சத்தை மேலே காட்டியிருப்பார்கள். இரண்டடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். இரும்பு ஆங்கிள் என்றால் தரை மட்டத்தில்தான் துருப்பிடித்து ஒடியும். அடியில் போடும் கான்கிரீட்டின் மேல்பக்கத்தைத் தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

கம்பியே வேண்டாம், செடி வைக்கலாம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். வேலி யோசனைகளிலேயே நாடு முழுக்க விலை கொடுத்த யோசனை ஒன்று நம் கண் முன்னாலேயே நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த ஒரு முள்மரம். தண்ணீர் வேண்டாம், ஆடுமாடு இலையைத் தொடாது, விறகும் ஆச்சு, வேலியும் ஆச்சு என்று சிபாரிசு செய்தார்கள். ஜனங்கள் நம்பிக்கையோடு பெயரே ‘வேலிக்காத்தான்’ என்று வைத்தார்கள். சீமைக் கருவேலம்தான்! சொன்ன குணம் ஒன்றும் பொய்யில்லை. ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அதன் கரிமூட்டம் சோறு போட்டது. ஆனால், அதன் நெற்றை ஆடுமாடு தின்று, விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிட்டு வரும் என்று யாரும் சொல்லவில்லை. கண்மாயிலும் ஆற்றிலும் புகுந்தது. ஹைகோர்ட் வரை வழக்குப் போனது. 2022-ல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. தோட்டத்து அழகுக்கென்று வந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டுக்குள் என்ன செய்திருக்கிறது என்று அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு நேர்மாறாக ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். அதற்கு முன்னால் 1867 முதல் 1870 வரை அவர் உள்நாட்டுச் சுங்க கமிஷனர். உப்பு வரியை ஏய்த்துக் கடத்துவதைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே வெள்ளைக்காரன் ஒரு முள்வேலி வளர்த்தான். ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் ஒரு பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பில் இதைப் பற்றிப் படித்துவிட்டு, வேலியைத் தேடி இந்தியாவுக்கே வந்து அலைந்து, 2001-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஹியூம் வேலி வளர்த்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். எல்லா இடத்துக்கும் ஒரே செடி என்று அவர் உத்தரவு போடவில்லை. எந்த மண்ணுக்கு, எந்த மழைக்கு எது வரும் என்று உள்ளூர் முட்செடிகளை வைத்துப் பரீட்சை பார்த்தார். இலந்தை, கருவேலம், களா, கள்ளி என்று இடத்துக்குத் தகுந்தபடி நட்டார். எதுவும் வராத இடத்தில் சப்பாத்திக்கள்ளி. ஏழைகளின் உப்பில் வரி பிடுங்க எழுப்பிய அக்கிரம வேலிதான், 1879-ல் அந்தச் சுங்க எல்லையையே கைவிட்டார்கள். நல்லதாயிற்று. ஆனால், ‘மண்ணைக் கேட்டுவிட்டுச் செடியைச் சொல்’ என்ற அவர் முறை சரியானது. நம் கொங்குச் சீமைக் கொறங்காடுகளில் கிளுவை வேலி தலைமுறை தலைமுறையாக நிற்கிறதே, அதுவும் அதே கணக்குதான். போத்து வெட்டி நட்டால் வரும், வறட்சி தாங்கும், ஊரைவிட்டு ஓடாது. காங்கேயம் பக்கம் போகிறவர்கள் இறங்கி அந்த விவசாயிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

*

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போகிற விஷயம். உயிர் போகிற விஷயம் இரண்டு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை எழுதினேன்.

முதலாவது, ‘பாத்ரூம் குழாயைத் தொட்டால் லேசா ஷாக் அடிக்குது’ என்ற புகார். இதற்கு நம் ஊரில் வழங்கும் யோசனையைக் கேளுங்கள்: ‘‘ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டுக் குளிங்க.’’ இன்னொன்று: ‘‘ரப்பர் செருப்பு போட்டுக்கங்க.’’ இன்னும் மோசமானது, ‘‘ஃப்யூஸ் போகலையே, அப்ப ஒண்ணும் இல்ல.’’ ஃப்யூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கு மேல் கரன்ட் போனால்தான் விழும். ஓர் ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பாற்றுவதற்கென்று தனியாக இருப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுக்கான ரகம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 16 ஆம்பியரோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை, எங்கோ கசிகிறது என்று சுவர் உங்களிடம் சொல்கிறது. மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அன்றைக்கே கூப்பிடுங்கள். ஈரச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் சுவர் ரிப்பேருக்கு முன்னால் அதைப் பாருங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, வேலி. ‘‘பன்னி வருது சார்’’ என்றால், ‘‘மோட்டார் ரூம்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்து விட்டுருங்க’’ என்று சொல்லும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். யானை செத்தால் செய்தி பெரிதாக வருகிறது. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் செத்த செய்தி உள்பக்கத்தில் நாலு வரி. முறையான மின்வேலிக் கருவி செய்வதே வேறு. விநாடிக்கு ஒரு முறை போல, மிக மிகச் சிறிய நேரத்துக்கு மட்டும் துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். தொட்டது அதிர்ந்து விலக இடைவெளி இருக்கும். வீட்டு மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது, பிடித்தால் விடாது. காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலி போடப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று தமிழகத்தில் 2023-லேயே விதிகள் வந்துவிட்டன. ‘ஒரு ஒயர் இழுத்து விடுங்க’ என்று சொல்பவர், போலீஸ் வரும்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

*

சரி, என்னதான் செய்வது? யோசனையே கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேளுங்கள். நாலு பேரைக் கேளுங்கள். ஆனால், கேட்டுவிட்டு நீங்களும் திருப்பிக் கேளுங்கள். இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதை எப்படிச் சோதிப்பது? நீங்கள் சொன்னது தப்பு என்றால் எனக்கு எப்போது, எதை வைத்துத் தெரியும்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவராக இருப்பார். ‘‘அதெல்லாம் தெரியாது சார், நம்பிச் செய்ங்க’’ என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லித் தருவது, மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு என்பது. ஒரு தடவை செய்தால் பல வருடம் நிற்பது முதலாவது. வருடா வருடம் வந்து கை நீட்டுவது இரண்டாவது. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொடுக்கும் காசு முதல் வகை. ஓர் இன்ஜினீயரை அழைத்து அரை மணி நேரம் வீட்டைப் பார்க்கச் சொல்லி ஃபீஸ் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. ‘சும்மா பாத்துட்டுப் போறதுக்கா இவ்வளவு?’ என்கிறோம். டாக்டரும் சும்மா பார்த்துவிட்டுத்தான் எழுதித் தருகிறார், அவருக்குக் கொடுக்கிறோமே!

அதற்கும் வழியில்லை என்றால், ஒரு பென்சிலும் ஒரு காலண்டரும் போதும். எந்தச் சுவரில், எந்தத் தேதியில், எவ்வளவு தூரத்துக்கு ஈரம் என்று ஒரு வருடம் குறித்து வையுங்கள். அடுத்த முறை யோசனை சொல்ல வருபவரிடம் அந்த நோட்டை நீட்டுங்கள். வாங்கிப் படிக்கிறாரா, இல்லை படிக்காமலே பெயின்ட் பெயர் சொல்கிறாரா என்று பாருங்கள்.